ஆளில்லாத கூடம்: இண்டஸ்ட்ரியல் டெக்னோவின் இருட்டு

இண்டஸ்ட்ரியல் டெக்னோ கேட்பேன் என்று சொன்னால் வழக்கமாக இரண்டு கேள்விகள் வரும். முதலாவது, இதெல்லாம் இசையா? இதற்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. 'கிரைண்டர் ஓடுற மாதிரி இருக்கு' என்பதுதான் எங்கள் வீட்டின் நிரந்தர விமர்சனம். ஒருவகையில் நல்ல விமர்சனம்தான். இரண்டாவது கேள்விதான் யோசிக்க வைப்பது: ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது? அந்த இருட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதில் உனக்கு என்ன கிடைக்கிறது?

இதற்குத் தயாராக இருக்கும் பதில்களை எல்லோரும் கேட்டிருப்போம். மன அழுத்தத்துக்கு வடிகால். கோபத்துக்கு வடிகால். பேய்ப்படம் பார்ப்பது மாதிரி, பாதுகாப்பான பயம். இவை எதுவும் எனக்குப் போதவில்லை. சோகப் பாட்டு ஏன் சோகமாக இருக்கிறது என்று கேட்டால் ராகத்தையோ மைனர் கார்டையோ காட்டலாம். இந்த இசையில் பல தடங்களில் கார்டே கிடையாது. மெலடி கிடையாது. பாடுபவர் கிடையாது. சோகப்படுவதற்கு உள்ளே ஆளே இல்லை. பிறகு எது இருட்டாக இருக்கிறது?

என் பதில் கொஞ்சம் தொழில்நுட்பமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்னோவின் முதுகெலும்பு கிக். ரோலண்ட் நிறுவனம் 1983இல் வெளியிட்ட டிஆர்-909 என்ற டிரம் மெஷினில் இந்தக் கிக் பிறக்கும் விதம் எளிமையானது. ஓர் ஆஸிலேட்டர் உயர்ந்த சுருதியில் ஆரம்பித்து, கண் இமைப்பதற்குள் சரேலென்று கீழே இறங்கி அடங்கிவிடும். தோல் இல்லை, குச்சி இல்லை, அடிப்பவரின் கை இல்லை. நிஜ டிரம்ஸ் மாதிரி கேட்கவில்லை என்று அந்தக் கருவி சந்தையில் தோற்றது. சில வருடங்களில் உற்பத்தியே நின்றுபோனது. செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தபோதுதான் சிகாகோ, டெட்ராய்ட் இளைஞர்கள் கைக்கு அது வந்தது.

இந்தக் கிக் மட்டும் இருந்தால் இருட்டு கிடையாது. அது வெறும் துடிப்பு. இதை ஒரு நீண்ட ரிவெர்புக்குள் அனுப்புங்கள். ஒரு பெரிய அறையில் கை தட்டினால் சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருமே, அந்த ஆயிரக்கணக்கான சிறு எதிரொலிகளின் மொத்தம்தான் ரிவெர்ப். அப்படித் திரும்பி வருவதில் மேல் அலைவரிசைகளை ஃபில்டர் வைத்து வெட்டிவிடுங்கள். மிச்சமிருக்கும் அடித்தொண்டை உறுமலைக் கொஞ்சம் டிஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்த கிக் விழும் கணத்தில் மட்டும் அந்த உறுமல் பின்வாங்கி வழிவிட்டு, உடனே மறுபடி எழும்பி வருகிற மாதிரி சைட்செயின் கம்ப்ரஷன் போடுங்கள். தயாரிப்பாளர்கள் இதை 'ரம்பிள்' என்பார்கள். பாதி இண்டஸ்ட்ரியல் டெக்னோ இந்த ஒரு தந்திரத்தில் ஓடுகிறது.

இப்போது என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். கிக் ஒரு நிகழ்வு. ரம்பிள் அந்த நிகழ்வுக்கு ஓர் இடம் கொடுக்கும் பதில். இரண்டு அடிகளுக்கு நடுவே நமக்குக் கேட்பது கருவியின் சத்தம் இல்லை, ஒரு கட்டடத்தின் சத்தம். அந்தக் கட்டடம் மிகப் பெரியதாக இருக்கிறது. காலியாகவும் இருக்கிறது. ஆட்கள் நிறைந்த அறை ஒலியை உறிஞ்சிவிடும். உடம்பும் துணியும் நல்ல உறிஞ்சான்கள். கல்யாண மண்டபத்தில் நாற்காலி போடுவதற்கு முன்னால் பேசிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இவ்வளவு நீளமாக ஒலி மிஞ்ச வேண்டும் என்றால் உள்ளே கான்கிரீட்டையும் இரும்பையும் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது.

நான் இருட்டு என்று கேட்பது இதைத்தான். ஆட்கள் போய்விட்ட ஒரு பெரிய தொழிற்கூடத்தில், இயந்திரம் மட்டும் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

இது என் கற்பனை மட்டும் இல்லை என்பதற்குக் கட்டடங்களே சாட்சி.

பெர்லினில் டிரெசார் கிளப் 1991 மார்ச்சில் லைப்ஸிகர் தெருவில் திறந்தது. இடம், வெர்தைம் என்ற பழைய பிரம்மாண்டமான பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகம். அங்காடி ஒரு யூதக் குடும்பத்துடையது. நாஜிகள் காலத்தில் அது அவர்கள் கையைவிட்டுப் பறிக்கப்பட்டது. போரில் கட்டடம் சிதைந்தது, பின்னர் அந்தப் பகுதி பெர்லின் சுவரை ஒட்டிய கிழக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. 1989 நவம்பரில் சுவர் விழுந்த பிறகு, யாருக்குச் சொந்தம் என்று தெளிவில்லாத காலி இடங்களைத் தேடி அலைந்தவர்கள் கண்ணில் அந்தப் பெட்டகம் பட்டது. துருப்பிடித்த லாக்கர் வரிசைகளுக்கு நடுவில், இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் டிஜே நிற்பார்.

பெர்க்ஹைன் இருப்பது 1950களில் கட்டப்பட்ட வெப்ப நிலையத்தில். கிழக்கு பெர்லினின் புதிய குடியிருப்புகளுக்குச் சூடு அனுப்பிய இடம். நடன அரங்கின் கூரை ஏறத்தாழ 18 மீட்டர் உயரம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 130 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 0.46 நொடி. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். ஆக, அடுத்த கிக் விழுவதற்குள் முதல் கிக் கிட்டத்தட்ட 158 மீட்டர் பயணம் செய்திருக்கும். தரைக்கும் கூரைக்கும் நடுவே நான்கு முறைக்கு மேல் போய்வரும் தூரம். ஒவ்வோர் அடியும் கட்டடம் முழுவதையும் அளந்துவிட்டுத்தான் அடுத்த அடிக்கு இடம் தருகிறது. இந்த மாதிரிக் கூடங்களில் வாசிப்பதற்காக இசை செய்தவர்கள் கூடத்தையும் சேர்த்தே இசையமைத்தார்கள். பிறகு அந்தக் கூடம் ரிவெர்ப் வடிவில் தடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால்தான் ஹெட்போனில் கேட்டாலும் நமக்குத் தலைக்குமேல் ஒரு கூரை எழும்புகிறது.

பெர்லினுக்கு வந்த இந்த இசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'இண்டஸ்ட்ரியல்' என்ற அடைமொழி ஒட்டியதும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். டெட்ராய்ட். 1913இல் ஃபோர்டு நிறுவனம் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்ப்ளி லைனைக் கொண்டுவந்த ஊர்ப்பக்கம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த மாடல் டி காரின் பொருத்தும் வேலை, அடுத்த வருடத்துக்குள் 93 நிமிடங்களாகக் குறைந்தது. 1950இல் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்த நகரம் அது. 1990இல் 10.3 லட்சத்துக்கும் கீழே போயிருந்தது. அந்தக் காலியாகும் நகரத்தின் கறுப்பின இளைஞர்கள்தான் டெக்னோவைச் செய்தார்கள். ஜெஃப் மில்ஸ், ராபர்ட் ஹூட் போன்றவர்கள் அதைச் சதையில்லாமல், எலும்பு தெரியச் செதுக்கினார்கள். மில்ஸின் 'வேவ்ஃபார்ம் டிரான்ஸ்மிஷன்' முதல் தொகுதி 1992இல் டிரெசார் வழியாகவே வந்தது.

மில்ஸ் 1994இல் 'சைக்கிள் 30' என்று ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அதில் லாக்டு க்ரூவ்கள் இருக்கும். அதாவது ஊசி உள்நோக்கிச் சுருள் சுருளாக நகராது. ஒரே வட்டத்தில் மாட்டிக்கொண்டு, நீங்கள் எழுந்து போய்த் தூக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்குப் பிடித்த கணக்கு இங்கே வருகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அந்த வட்டத்துக்குள் நான்கு அடி வைத்தால் வேகம் 133⅓ பிபிஎம். கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் மெதுவாக என்று இசைக்கலைஞர் ஆசைப்பட முடியாது. நான்கு அடி என்று முடிவு செய்துவிட்டால் வேகத்தைத் தீர்மானிப்பது மோட்டார். உற்பத்திப் பொறியியல் படித்தவர்களுக்கு 'டாக்ட் டைம்' என்ற சொல் ஞாபகம் இருக்கும். இத்தனை நொடிக்கு ஒரு பொருள் வெளியே வந்தாக வேண்டும், மனிதர்கள் அதற்கு ஏற்ப அசைய வேண்டும் என்ற கணக்கு. லாக்டு க்ரூவ் என்பது டாக்ட் டைம், ஆனால் மறுமுனையில் கார் எதுவும் வெளியே வராது.

அதுதான் இதன் வசீகரம் என்று நினைக்கிறேன். உழைப்பின் தாளம் அப்படியே இருக்கிறது, உழைப்பு மட்டும் கழற்றப்பட்டிருக்கிறது. எட்டு மணி நேரம் ஒரே அசைவைச் செய்ய ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதே எட்டு மணி நேரம் ஒரே அசைவைச் செய்ய இங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

*

இந்த இசையின் இன்னொரு ஊற்று பர்மிங்ஹாம். என் தனிப்பட்ட விருப்பம் எப்போதும் இந்த ஊர்ப் பக்கம்தான்.

1960களில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் அந்த ஊரில் ஒரு தகட்டு ஆலையில் வேலை பார்த்தான். வேலையை விடும் கடைசி நாளில் இயந்திரம் அவனுடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. இடது கைப் பழக்கக்காரனான அவனுக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டான். மெல்லிய தந்திகளைப் போட்டான். பின்னாட்களில் சுருதியை இறக்கித் தந்தியைத் தளர்த்தினான். பிளாக் சாபத்தின் அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலிக்கு அந்த விபத்தும் ஒரு காரணம். தொழிற்சாலை இசைக்குள் நுழைவது என்று உருவகமாகப் பேசுகிறோம். இங்கே அது நேரடியாக விரல் வழியே நுழைந்தது.

அதே ஊரில் காட்ஃப்ளெஷ் என்ற இசைக்குழு 1989இல் 'ஸ்ட்ரீட்கிளீனர்' ஆல்பத்தை வெளியிட்டது. டிரம்மர் இல்லை, டிரம் மெஷின்தான். நேபாம் டெத்தின் டிரம்மராக மனிதன் வாசிக்க முடியாத வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்த மிக் ஹாரிஸ், அந்த வேகத்தை விட்டுவிட்டு ஸ்கார்ன் என்ற பெயரில் மெதுவான, ஆழமான ஒலிகளுக்குப் போனார். அந்தோணி சைல்ட், மேடைப் பெயர் சர்ஜன், 1994இல் தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தது அந்த ஹாரிஸின் ஸ்டுடியோவில்தான். அதை வெளியிட்டது டவுன்வர்ட்ஸ் என்ற சின்ன லேபிள். அதை நடத்தியவர்களில் ஒருவர் கார்ல் ஓ'கானர், அதாவது ரீஜிஸ். ஒரு விரல் நுனியில் தொடங்கி, ஒரு டிரம்மர் வழியாக, ஒரு டிரம் மெஷினில் வந்து சேரும் இந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மனிதக் கை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது.

ரீஜிஸின் 'ஜிம்னாஸ்டிக்ஸ்' 1996இல் வந்தது. முதல்முறை கேட்கிறவர்களுக்கு அது அரைகுறையாகத் தோன்றும். ஒரு லூப். அதன்மேல் இன்னொரு லூப். ஏதோ ஒன்று வரப்போகிறது என்று காத்திருக்கிறோம், வராது. பாப் இசையில் பழகிய காது எதிர்பார்க்கும் ஏறுமுகம், வெடிப்பு, விடுதலை எதுவும் இல்லை. ஆனால் நான்காவது, ஐந்தாவது நிமிடத்தில் வேறொன்று நடக்கிறது. இசை மாறாததால் நம் கவனம் மாற ஆரம்பிக்கிறது. ஒரே லூப்பின் உள்ளே ஒரு சின்ன உரசல் இருக்கிறது, இதுவரை கேட்கவில்லை. அந்த உரசல் ஹை-ஹாட்டோடு சேர்ந்து ஒரு மூன்றடித் தாளத்தைப் போடுகிற மாதிரி இருக்கிறது. உண்மையில் போடுகிறதா, நாமே கட்டிக்கொள்கிறோமா? நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் மணிக்கணக்கில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பார். யாரும் அவரைக் கேட்பதில்லை. 'ஜிம்னாஸ்டிக்ஸ்' மாதிரியான ஆல்பம், ஒத்து ஊதுபவரை மட்டும் மேடையில் விட்டுவிட்டு மற்றவர்கள் எல்லாம் எழுந்து போய்விட்ட கச்சேரி. வேறு வழியில்லாமல் அவரைக் கேட்கிறோம். அப்போதுதான் அதற்குள் எவ்வளவு அசைவு இருக்கிறது என்று தெரிகிறது.

சர்ஜன் இதைவிட நுட்பமானவர். 1999இல் டிரெசாரில் வந்த 'ஃபோர்ஸ் அண்ட் ஃபார்ம்' ஆல்பத்தில் நீண்ட தடங்கள்தான். ஒவ்வொன்றும் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கதவில்லாமல் நகர்வது மாதிரி இருக்கும். அவரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய அடக்கம். பயமுறுத்த வேண்டும் என்ற அவசரம் அவருக்குக் கிடையாது.

பின்னர் ரீஜிஸ், ஃபங்ஷன், சைலண்ட் சர்வண்ட் ஆகியோர் சேர்ந்து சாண்ட்வெல் டிஸ்ட்ரிக்ட் என்ற பெயரில் இயங்கினார்கள். சாண்ட்வெல் என்பது பர்மிங்ஹாமை ஒட்டிய, பழைய இரும்புத் தொழில்களின் பகுதி. 2010இல் வந்த அவர்களுடைய 'ஃபீட்-ஃபார்வர்ட்' ஆல்பத்தை இந்த வகைமைக்குள் நுழைய விரும்புகிறவர்களுக்கு முதலில் சொல்வேன். கிக் இருக்கிறது, ஆனால் பல இடங்களில் அது தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கூடத்தின் காற்றுதான் முன்னால் நிற்கிறது. அட்மாஸ்ஃபியரிக் என்ற சொல்லைத் தேய்ந்துபோகும்வரை பயன்படுத்திவிட்டோம், ஆனால் இங்கே அதற்கு நேரடி அர்த்தம் உண்டு.

*

இப்போது எனக்கு உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பெரியப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பெரும்பாலும் ஸ்பின்னிங்கில். நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரே சமயத்தில் சுழலும் கூடம். அவர் வேலை பார்த்த காலத்தில் காதுக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை, பஞ்சைத்தான் திருகி வைத்துக்கொள்வார்களாம். ஓய்வு பெற்று வந்தபோது அவருக்குப் பேச்சு சரியாகக் கேட்காது. இரைச்சலால் வரும் காதுக்கேடு பொதுவாக 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதலில் அரிக்கும். ச, த, ப மாதிரி மெய்யெழுத்துகளின் கூர்மை இருக்கும் உயரங்களைத் தின்றுவிட்டு, தாழ்ந்த ஒலிகளைப் பெருமளவு விட்டுவைக்கும். அதனால் அவருக்கு நாம் என்ன பேசுகிறோம் என்பது கேட்காது, யாரோ பேசுகிறார்கள் என்பது மட்டும் கேட்கும். ஆனால் இந்த இசை அவருக்கு நன்றாகவே கேட்டது. ஒரு தீபாவளிக்கு நான் ஸ்பீக்கரில் 'ஜிம்னாஸ்டிக்ஸ்' போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தவர், கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"என்றா இது, மில்லு ஓடுது?"

பாட்டுதான் பெரியப்பா என்றேன்.

"விசிலே காணோமேடா. நாங்கெல்லாம் விசிலடிச்சுத்தான் ஒருத்தர ஒருத்தர் கூப்புடுவோம். வாயில பேசுனா எவனுக்குக் கேக்கும்?"

அவ்வளவுதான் சொன்னார், காபி குடிக்கப் போய்விட்டார். நான் படித்த எந்த ஆல்பம் விமர்சனமும் இவ்வளவு துல்லியமாக இல்லை. அவர் கேட்டவுடனே கண்டுபிடித்துவிட்டார்: கூடம் சரி, இயந்திரம் சரி, ஆள் இல்லை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு வாசிப்பு இப்படிப் போகும். தொழிற்சாலையில் ஒரு நாள்கூட நிற்காதவர்கள், மூடப்பட்ட தொழிற்சாலைகளின் சத்தத்தை அலங்காரமாக்கி ரசிக்கிறார்கள். பெரியப்பாவின் காதை எடுத்துக்கொண்ட இரைச்சலை, காதில் இயர்பிளக் வைத்துக்கொண்டு இவர்கள் இன்பமாக மாற்றுகிறார்கள். (வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம். அமெரிக்காவின் நியோஷ் பரிந்துரைப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 100 டெசிபலில் 15 நிமிடம்தான்.) இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. டிரெசாரில் ஆடியவர்களில் எத்தனை பேர் ஆலைத் தொழிலாளிகள்? சுவர் விழுந்த பிறகு கிழக்கு ஜெர்மனியின் ஆலைகள் மூடப்பட்டபோது வேலை போனவர்களின் கதை ஒரு பக்கம், அதே காலிக் கூடங்களில் நடந்த கொண்டாட்டத்தின் கதை இன்னொரு பக்கம். 2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோ கலாசாரம் ஜெர்மனியின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. டெட்ராய்டில் தொடங்கிய ஒன்று பெர்லினின் மரபாகப் பதிவாகிறது. இதில் சரி தவறு இரண்டும் இருக்கின்றன. பெர்லின் அதை வளர்த்தது உண்மை, அது யாருடைய கையிலிருந்து வந்தது என்பதும் உண்மை.

ஆனாலும் நான் முழுக்க அந்தக் குற்றச்சாட்டின் பக்கம் நிற்கவில்லை. காரணம் பெரியப்பா கவனித்த அந்த விசில். நல்ல இண்டஸ்ட்ரியல் டெக்னோ விசிலைப் போலியாக உள்ளே வைப்பதில்லை. தொழிலாளியாக வேஷம் போடுவதில்லை. ஆள் போய்விட்டார் என்பதை மறைக்காமல், அந்த இடத்தை அப்படியே காலியாக விடுகிறது. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. எந்தத் தடம் நல்ல தடம், எது வெறும் சத்தம் என்று பிரிக்க நான் வைத்திருக்கும் உரைகல்லும் இதுதான்: கூடம் காலியாக இருக்கிறதா, அல்லது பயமுறுத்துவதற்காக எதையாவது கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார்களா?

நிரப்புகிறவர்கள் நிறையப் பேர். இந்த நோய்க்கு வயது அதிகம். இண்டஸ்ட்ரியல் என்ற பெயரே 1976இல் லண்டனில் த்ராபிங் கிரிஸல் குழுவினர் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் லேபிளிலிருந்து வந்தது. அந்தப் பெயரில் கிண்டல் இருந்தது. இசையும் ஒரு தொழிற்சாலைச் சரக்குதானே, அதை வெளிப்படையாகச் சொல்வோம் என்ற கிண்டல். ஆனால் அவர்களே பாசிசச் சின்னங்களை நினைவூட்டும் அடையாளங்களோடும் வதைமுகாம் உருவகங்களோடும் விளையாடினார்கள். அதிர்ச்சி கொடுத்துச் சிந்திக்க வைப்பது நோக்கம் என்று வாதிடலாம். அவர்களுக்குப் பின்னால் வந்த பலருக்குச் சிந்தனை வேண்டாம், அதிர்ச்சி போதும் என்றாகிவிட்டது. டாமினிக் ஃபெர்னோ என்ற அமெரிக்கர் வாட்டிகன் ஷேடோ என்ற பெயரில் செய்த இசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செய்திகள் மாதிரியான தலைப்புகள், அட்டையில் ராணுவப் படங்கள். ஒலி அளவில் திறமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலைப்புகளை எடுத்துவிட்டால் இசை எதையும் சொல்லவில்லை. போர் அங்கே சுவரில் ஒட்டிய போஸ்டர். வன்னியில் வளர்ந்த ஒரு நண்பர் எனக்கு உண்டு. தாழ்வாக ஏதாவது அதிர்ந்தால் இன்றும் ஒரு கணம் மேலே பார்ப்பவர். அவருக்குச் சர்ஜனைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். வாட்டிகன் ஷேடோவை என்னால் போட முடியவில்லை. அந்தத் தயக்கமே ஒரு விமர்சனம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு வகை நிரப்பல் இப்போது ரீல்ஸில் ஓடும் ஹார்ட் டெக்னோ. 150 பிபிஎம், அதற்கும் மேலே. நிமிடத்துக்கு ஒரு வெடிப்பு, அதற்குமுன் ஒரு சைரன், கறுப்பு உடை, ஸ்ட்ரோப் விளக்கு. கணக்கையே மறுபடி பாருங்கள். 160இல் அடிகளுக்கு இடைவெளி 0.375 நொடி. எதிரொலிக்கு நேரம் குறைந்துவிட்டது. குறைந்த நேரத்திலும் சத்தத்தை ஏற்றிவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிச் சுவர் ஆகிவிடும். கூடம் காணாமல் போகிறது. வெளியே எல்லா அலங்காரமும் இருட்டு, உள்ளே கேட்டால் நல்ல வெளிச்சமான விளம்பரப் படம். ஆடுகிறவர்களுக்குச் சந்தோஷம் என்றால் ஆடட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருட்டு என்று மட்டும் விற்க வேண்டாம்.

எதிர்த்திசையில் போனவர் மான்செஸ்டரின் ஆண்டி ஸ்டாட். 2011இல் 'பாஸ்ட் மீ பை' ஆல்பத்தில் டெக்னோவை நடன வேகத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனார். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மின்சாரம் குறைந்து மோட்டார் திணறுவது மாதிரி இருக்கும். ஆடவும் முடியாது, உட்காரவும் முடியாது. அடிகளுக்கு இடையே அவ்வளவு இடம் கிடைத்ததும் அங்கே தூசி, ஈரம், துரு எல்லாம் கேட்கிறது. இருட்டுக்கு வேகத்தைவிட நேரம்தான் தேவை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் என்னிடம் இல்லை.

*

கடைசியாக, என்னைப் போன்றவர்கள் இதை ஏன் கேட்கிறோம் என்பது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களிடம் இந்த இசைக்கு ஒரு தனிப் பிடிப்பு இருக்கிறது. என் டீமிலேயே மூன்று பேர் இருக்கிறோம். பாடல் வரி இல்லாததால் கவனம் சிதறாது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அதற்கு வீணை கேட்கலாமே, லோ-ஃபை கேட்கலாமே.

எனக்குத் தோன்றுவது, நம் வேலைக்குச் சத்தம் இல்லை. பெரியப்பா கூடத்துக்குள் நுழைந்தால் இயந்திரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று வாசலிலேயே தெரியும். ஒரு கதிர் தகராறு செய்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பாராம். நான் எழுதிய நிரல் எங்கோ ஒரு ஊரில், நான் பார்க்கவே போகாத ஒரு சர்வர் கூடத்தில், இரவெல்லாம் ஒரே வேலையை லட்சம் முறை செய்துகொண்டிருக்கிறது. அங்கே மின்விசிறிகள் பெரும் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருக்கும். ஆட்கள் ஒருவரோ இருவரோ இருப்பார்கள், பல நேரம் யாருமே இருக்கமாட்டார்கள். என் மேசையில் அதன் சத்தம் துளியும் வராது. டாஷ்போர்டில் ஒரு பச்சைக் கோடு நகரும், அவ்வளவுதான். மதியம் இரண்டரை மணிக்கு ஏசி குளிரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரீஜிஸைப் போடும்போது, பழைய ஆலையை நினைத்து ஏங்குகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பார்க்காத அந்தக் கூடத்தின், நடந்துகொண்டிருக்கிற என் வேலையின் சத்தத்தை இரவல் வாங்கிக் கேட்கிறேன் என்றால் யோசிப்பேன்.

பழைய டிரெசார் 2005இல் மூடப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, செயலிழந்த ஒரு மின் நிலையத்துக்குள் மறுபடி திறந்தது. லைப்ஸிகர் தெருவில் அது இருந்த பழைய இடத்தை வாங்கியவர்கள் வாங்கியது, அங்கே அலுவலகங்கள் கட்டுவதற்காக.